எழும்பூர்ச் சீட்டும் காப்பீட்டு அட்டையும்

"எழும்பூருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க" என்று ஒரு தாய் வாசலில் நின்று சொன்னால், அந்தக் காலத்துப் படூரில் அக்கம்பக்கத்துப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார்கள். கேளம்பாக்கத்திலோ திருப்போரூரிலோ பார்த்த டாக்டர், இனி தன்னால் ஆகாது என்று ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதி, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். பிள்ளைக்கு வந்திருப்பது பெரிய வியாதி என்பதற்கு அந்தச் சீட்டுதான் முதல் அத்தாட்சி. யார் துணைக்குப் போவது, மற்ற பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, கையில் எவ்வளவு இருக்கிறது என்ற பேச்சு அந்த வாசலிலேயே தொடங்கிவிடும்.

அப்போது படூர், பழைய மகாபலிபுரம் சாலை (ஓஎம்ஆர்) ஓரத்தில் ஏரியை நம்பி இருந்த ஊர். கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதைத் தாண்டி முட்டுக்காட்டு உப்பங்கழி. தெற்கே கேளம்பாக்கத்து உப்பளங்களும் கோவளத்துக் கடலும். நடவு, களையெடுப்பு, உப்பளக் கூலி, சவுக்குத் தோப்பு வேலை என்று அன்றாடம் உழைத்து அன்றாடம் சமைக்கும் குடும்பங்களே அதிகம். 1985-இல் இந்துஸ்தான் பொறியியல் கல்லூரி இங்கே வந்த பிறகும் ஊரின் பிழைப்பு மாற வெகுநாள் ஆனது. சாலையில் 19பி வந்தால் சைதாப்பேட்டை. 102 வந்தால் பாரிமுனை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சைதாப்பேட்டையில் இறங்கி, மின்சார ரயில் பிடித்து எழும்பூர் போய்ச் சேர்வதற்குள் புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்துவிடுமோ என்ற பதைப்பு வழி நெடுக இருக்கும்.

எழும்பூர் ஆஸ்பத்திரியை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1948-இல் டாக்டர் எஸ்.டி. ஆச்சாரின் முயற்சியில் உருவான குழந்தைகள் நல நிலையம் அது. இந்தக் கரையோரத்தில் இன்றைக்கு நடமாடும் எத்தனையோ பேரின் உயிர் அங்கே மீட்டுக் கொடுக்கப்பட்டதுதான். அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் செலவு உண்டு. வெளியில் எடுக்க வேண்டிய ஸ்கேன், கையிருப்பில் இல்லாத மருந்து, கூட இருப்பவரின் சாப்பாடு, நாள்கணக்கில் போன கூலி. தாய் வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் படுத்துக்கொள்வார். தகப்பன் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊருக்கு வந்து வேலைக்குப் போய், கிடைத்ததை எடுத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறுவார்.

இருதயத்தில் ஓட்டை என்று சொல்லிவிட்டால் நிலைமை வேறு. அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை இருதய அறுவை சிகிச்சைக்கு வரிசை நீளம். காத்திருக்கப் பிள்ளைக்குத் தெம்பு வேண்டும். தனியாரிடம் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். அந்தக் காலத்தில் லட்சம் ரூபாயைப் படூரில் ஒரு கூலிக் குடும்பம் கண்ணால் பார்த்திருக்காது. முதலமைச்சர் நிவாரண நிதிக்கு மனு, பத்திரிகையில் பிள்ளையின் படத்தோடு உதவி கேட்டு ஒரு செய்தி, ஊரில் துண்டேந்தி வசூல், கடைசியில் வட்டிக்குப் பணம். அடகுக்கடைக்குத் தாலிக்கொடி போகும். அதற்குப் பிறகு நிலம் போகும். ஏரிக்குக் கீழே இருந்த பத்து சென்ட், இருபது சென்ட் நிலங்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வந்த விலைக்குக் கைமாறின. பிறகு சாலை ஆறு வழியாக அகன்றது, சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது, அதே சென்ட் நிலங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. பிள்ளை பிழைத்த வீடுகளில் அந்த நிலத்தைப் பற்றி வருத்தமாகப் பேச மாட்டார்கள். பிழைக்காத வீடுகளில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 2008-இல் இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது: ஏழைக் குடும்பத்துக் குழந்தைக்கு இருதய அறுவை சிகிச்சை, தேவைப்பட்டால் தனியார் ஆஸ்பத்திரியிலும், அரசின் செலவில். தமிழ்நாட்டில் இலவச சிகிச்சை என்பது அரசு ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டி வெளியே வந்ததற்கு வழிவிட்டவர்கள் குழந்தைகள்தான் என்பதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் காத்திருந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

அடுத்த ஆண்டு, 2009 ஜூலை 23 அன்று, கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஆந்திரத்தில் 2007-இல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ இதற்கு முன்மாதிரி. குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை காப்பீடு. ஆனால் அந்த ஒரு லட்சம் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து. ஒரு பிள்ளையின் ஆபரேஷனோடு அது தீர்ந்துவிட்டால், அடுத்த பிள்ளைக்கு நான்காண்டு முடிய எதுவும் மிஞ்சாது. ஆட்சி மாறியதும் பெயரும் மாறி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக அது மறுபிறவி எடுத்தது. இந்த முறை ஆண்டுக்கு ஒரு லட்சம். சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். பட்டியலில் 1,016 சிகிச்சை முறைகள். 2018-இல் மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தோடு இணைக்கப்பட்டபோது ஆண்டுக்கு 5 லட்சமாக உயர்ந்தது. 2022 ஜனவரி 11 முதல் புதிய ஐந்தாண்டு ஒப்பந்தம். யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாயை அரசே பிரிமியமாகக் கட்டுகிறது. குடும்பத்தின் கையிலிருந்து ஒரு பைசா கிடையாது. கணக்குப் போட்டால் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை ரூபாய்கூட இல்லை.

ஆட்சிகள் மாறியும் அட்டை போகவில்லை என்பதை நான் இந்த மாநிலத்தின் பெரிய நற்பேறாக நினைக்கிறேன். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் பெயர் மாற்றினார், ஆனால் அழிக்கவில்லை. சொல்லப்போனால் தொகையும் கூடியது. படூரில் இன்னமும் சில பாட்டிகள் "கலைஞர் கார்டு" என்றுதான் சொல்கிறார்கள். இளையவர்கள் "சிஎம் இன்சூரன்ஸ்" என்கிறார்கள். அட்டை ஒன்றுதான்.

அட்டையை வாங்குவது முன்பு தனிக் கதை. படூர் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். காப்பீட்டுக்குப் புகைப்படம் எடுக்கும் மையம் காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, பிறகு குடும்பத்தோடு கிளம்பி ஒரு முழுநாள் பயணம். உடம்பு சரியில்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அட்டை இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதானே பல வீடுகளில் அட்டையின் நினைப்பே வரும்? 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. திருப்போரூர் போய் அங்கிருந்து செங்கல்பட்டு பஸ் ஏறினால் மதியத்துக்குள் வேலையை முடித்துத் திரும்பலாம். 2025-இல் சனிக்கிழமைதோறும் நடக்கத் தொடங்கிய மருத்துவ முகாம்களில் அங்கேயே பதிவு செய்தும் கொடுத்தார்கள். மாவட்டப் பிரிவினை என்றால் நாளிதழில் வரைபடம் போடுவார்கள். எங்கள் பக்கத்தில் அதன் பலனை இப்படி அரைநாள் கூலியில்தான் அளக்க முடியும்.

இன்றைக்கு ஒரு பிள்ளையின் நோய் எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முன்பு பிள்ளை ஓடும்போது மூச்சு வாங்கினால், "சவலை", "நெஞ்சுச் சளி" என்று ஆண்டுகள் ஓடிவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் வாழ்வொளித் திட்டம் என்ற பெயரில் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை வந்தது. 2013-இல் தேசிய அளவில் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வர வேண்டும். பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை, பிறவிக் குறைகள் முதல் பார்வை, காது, பல், இரத்தசோகை வரை முப்பது வகைக் குறைபாடுகளைப் பார்க்கிறார்கள்.

எங்கள் பகுதியில் ஒரு அங்கன்வாடியில் அந்தக் குழு வந்த காலைப்பொழுதை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். ஜீப்பிலிருந்து ஒரு எடை பார்க்கும் மெஷின், உயரம் அளக்கும் பலகை, ஒரு அட்டைப்பெட்டி மருந்து இறங்கின. டாக்டரம்மா தரையிலேயே பாய் போட்டு உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பெரும்பாலும் ஒரு நிமிஷம்தான். ஒரு சின்னப் பையனிடம் மட்டும் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவில்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னார். வெளியில் சத்தம் போட வேண்டாம் என்று ஆயாவிடம் சைகை காட்டினார். மறுபடி வைத்தார், முதுகுப் பக்கமும் வைத்தார். "இவங்க அம்மா எங்க வேலை செய்றாங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஓஎம்ஆரில் ஒரு அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங். போன் போட்டு வரவழைத்தார்கள். அந்த அம்மா சீருடையிலேயே வந்து நின்றார். அரைநாள் சம்பளம் போகும் என்ற கவலையும் பிள்ளைக்கு என்னவோ என்ற கலக்கமும் ஒரே முகத்தில்.

பையனுக்கு எக்கோ எடுத்தார்கள். இருதயத்தின் இரு கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை. காப்பீட்டு அட்டை அவர்கள் வீட்டில் இருந்தது; மாமியார் காலத்தில் எடுத்து வைத்தது, பிள்ளையின் பெயர் குடும்ப அட்டையில் சேர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் காப்பீட்டுப் பிரிவில் இருப்பவர் அட்டையை வாங்கி, பிள்ளையைப் படம் எடுத்து, எக்கோ ரிப்போர்ட்டை ஏற்றி, முன் அனுமதிக்கு அனுப்பினார். "அப்ரூவல் வந்துடுச்சு" என்று சொன்ன பிறகு ஆபரேஷனுக்குத் தேதி. பில் எவ்வளவு என்று அந்த அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை. துண்டேந்தி நின்ற தலைமுறையைப் பார்த்தவனுக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றவே தோன்றாது. ஒரு தாய் தன் பிள்ளையின் உயிர்விலை தெரியாமலே வீடு திரும்பியிருக்கிறார்.

காது கேளாத குழந்தைகள் விஷயமும் இப்படித்தான். காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கருவியின் விலையே பல லட்சம். முன்பு செவித்திறன் இல்லாமல் பிறந்த ஏழைப் பிள்ளைக்குப் பேச்சும் இல்லை என்பதே விதி. இப்போது ஆறு வயதுக்குள் கண்டுபிடித்தால் காப்பீட்டில் அறுவை சிகிச்சை செய்து கருவி பொருத்துகிறார்கள். செலவு கூடுதலாகும் இதுபோன்ற சிகிச்சைகளுக்கு அரசு தனி நிதி வைத்திருக்கிறது. கல்லீரல், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைகளும் அதில் வரும். ஆனால் காது கேட்கத் தொடங்குவது பாதி வேலைதான். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. ஒவ்வொரு தடவையும் ஒரு பெரியவர் கூடப் போக வேண்டும். பயிற்சி இலவசம், தாயின் வேலை நாள் இலவசமில்லை. பிறகு பேட்டரி, கேபிள், உத்தரவாதக் காலம் முடிந்த கருவி. பணம் இல்லாமல் கருவி பெட்டிக்குள் போய்விட்டால், செலவழித்த லட்சங்களும் பெட்டிக்குள் போனதாகத்தான் அர்த்தம்.

அட்டையைப் பற்றி நல்லதைச் சொல்லும்போது ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிரம்புவதற்குள் இறப்பவர்கள் 2005-இல் 37, 2020-இல் 13. இந்தச் சாதனையைக் காப்பீட்டின் கணக்கில் எழுதக் கூடாது. இருபத்து நாலு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியர்கள், பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள், தடையின்றி மருந்து வாங்கி அனுப்பும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆகியவைதான் அதைச் செய்தன. காப்பீடு இவற்றுக்கு மேலே வந்து நிற்கும் ஒரு பலம். கீழே இருப்பது இற்றுவிட்டால் அட்டை மட்டும் பிள்ளையைத் தூக்கி நிறுத்தாது. காப்பீட்டுப் பணத்தில் ஒரு கணிசமான பங்கு அரசு ஆஸ்பத்திரிகளுக்கே வருவது இந்த மாநிலத்தில் நல்ல ஏற்பாடு; செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெற்றால், அந்தத் தொகை அதே ஆஸ்பத்திரிக்குக் கருவி வாங்கவும் ஊழியருக்கு ஊக்கத்தொகை தரவும் திரும்புகிறது. அதனால், "அரசு ஆஸ்பத்திரிதானே, எப்படியும் இலவசம், எதுக்கு கார்டு?" என்று கேட்பவர்களிடம் அட்டையைக் கொடுங்கள் என்றே நான் சொல்வேன்.

இன்றைய படூரின் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய வியாதிக்கு வழி பிறந்துவிட்டது. சின்ன வியாதிக்குப் பிறக்கவில்லை.

பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல். சுகாதார நிலையத்தில் புறநோயாளி நேரம் காலையில். தாய் வேலை முடிந்து வருவது சாயங்காலம். அதனால் சாலை ஓரத்துத் தனியார் கிளினிக். டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, ஆன்டிபயாடிக். அடுத்த மாதம் தங்கைக்கு அதே. வீசிங் இருக்கிற பிள்ளையென்றால் இன்ஹேலர். சொத்தைப் பல், மூக்குக் கண்ணாடி, காதில் சீழ். இவற்றில் எதற்கும் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெறுவதற்கான அட்டை அது. 2022-இல் ஒப்பந்தம் தொடங்கியபோது 1,090 சிகிச்சை முறைகள் இருந்தன; தொடர் சிகிச்சைகள் என்று பார்த்தால் 8. குழந்தைகளின் நோய்கள் பெரும்பாலும் படுக்கைக்குப் போகாதவை. மாதச் சம்பளத்தை அரித்து, தண்டல்காரரிடம் அனுப்புபவை அவைதான். ஒரே அடியாக நிலத்தை விற்க வைத்த காலம் போய், மாதம் ஆயிரமும் இரண்டாயிரமுமாகக் கடன் ஏற்றும் காலம் வந்திருக்கிறது.

இன்னொன்று, வருமானக் கோடு. 2009-இலிருந்து ஆண்டு வருமானம் 72,000 என்று இருந்த வரம்பு 2022-இல் 1,20,000 ஆனது. மாதத்துக்குப் பத்தாயிரம். இதை வைத்து இன்றைய படூரைப் பாருங்கள். ஏரி விவசாயமும் உப்பளமும் சுருங்கிவிட்டன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது அலுவலக வளாகங்களில் செக்யூரிட்டி, அடுக்குமாடிகளில் ஹவுஸ்கீப்பிங், கேன்டீனில் உதவியாள், கல்லூரி விடுதியில் சமையல், பைக்கில் உணவு டெலிவரி. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால்தான் வீட்டு வாடகையே கட்ட முடியும். இருவர் சம்பளமும் சேர்ந்து இருபதாயிரம் என்றால் ஆண்டுக்கு 2,40,000. வரம்பைப் போல இரண்டு மடங்கு. தாள்கணக்கில் அவர்கள் ஏழைகள் இல்லை. ஐந்து லட்ச ரூபாய் ஆபரேஷனுக்கு முன்னால் அவர்கள் யார் என்பதைத் தாள் சொல்லாது. நேர்மையாக உழைக்கும் ஒரு தகப்பன், பிள்ளைக்காக வருமானத்தைக் குறைத்துச் சொல்லிச் சான்று வாங்கும்படி ஆகிறது. அவரை அந்த இடத்தில் நிறுத்தியது நாம் போட்ட கோடு.

அவர்களுக்குத் தொழிலாளர் அரசு காப்பீடான இஎஸ்ஐ இருக்கிறதே என்பார்கள். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ உண்டு, பிள்ளைகளுக்கும் சேர்த்து. சட்டப்படி அது இந்த அட்டையைவிட விரிவான பாதுகாப்பு. புறநோயாளி சிகிச்சையும் மருந்தும்கூட அதில் வரும். ஆனால் ஓஎம்ஆரில் வேலை கொடுப்பது கம்பெனி அல்ல, கான்ட்ராக்டர். ஒப்பந்தம் கைமாறும்போது புதிய ஏஜென்சி, சில நேரம் புதிய எண், நடுவில் சந்தா கட்டாத மாதங்கள். உயர் சிகிச்சைக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற விதியில் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் பெரிய இஎஸ்ஐ ஆஸ்பத்திரி கே.கே. நகரிலோ அயனாவரத்திலோ. ஒரு மணி நேரம் முன்கூட்டிப் போக லீவு கேட்டாலே அடுத்த நாள் வர வேண்டாம் என்று சொல்லக்கூடிய வேலையில் இருப்பவர், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எத்தனை முறை அங்கே போவார்? வீட்டு வேலை செய்பவர்களுக்கும் டெலிவரிப் பையன்களுக்கும் அந்த அட்டையும் கிடையாது.

அதே அடுக்குமாடியில் மேலே குடியிருக்கும் மென்பொருள் ஊழியரின் குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்தே கம்பெனியின் குழுக் காப்பீடு இருக்கிறது. அதற்கு அவர் எந்தத் தாலுகா அலுவலகத்துக்கும் போனதில்லை. அவர் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அந்தக் குழந்தைக்கு இருக்கும் நிம்மதி, தரையைத் துடைக்க வருபவரின் குழந்தைக்கும் வேண்டும் என்கிறேன். கட்டுமான ஷெட்டுகளில் இருக்கும் ஒடிசா, பீகார், வங்காளப் பிள்ளைகளும் இந்த மண்ணில்தான் வளர்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிக்கும் வெளிமாநிலத்தவர் உரிய சான்றோடு சேரலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. அந்தச் சான்றை யாரிடம், எந்த மொழியில் கேட்பது என்று அந்த ஷெட்டில் போய்ச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

இந்த இடைவெளி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்துக்கு வருமானம் கொஞ்சம் அதிகம், தனியார் காப்பீடு வாங்க வருமானம் போதாது என்ற குடும்பங்களின் குழந்தைகளுக்காகவே 1997-இல் ஒரு தனிக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தார்கள். எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த எட்வர்ட் கென்னடியும் ஓரின் ஹாட்சும் சேர்ந்து முன்னெடுத்தது. சிகரெட் வரியை உயர்த்தி அதற்குப் பணம் தேடினார்கள். டாக்டரிடம் காட்டுவது, தடுப்பூசி, மருந்து எல்லாம் அதில் அடக்கம். 2017 செப்டம்பரில் நிதி ஒதுக்கீடு காலாவதியாகி, 2018 ஜனவரியில் புதுப்பிக்கும்வரை பெற்றோர் தவித்த தவிப்பும் அந்தக் கதையில் உண்டு. பெரியவரின் வருமானத்துக்கு ஒரு கோடு, குழந்தைக்கு வேறு கோடு என்று அவர்கள் யோசித்ததைத்தான் நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அப்படி யோசிக்க நமக்கு வெளிநாடு போக வேண்டியதுகூட இல்லை. 1982 முதல் இந்த மாநிலத்தில் சத்துணவுத் தட்டை நீட்டும் பிள்ளையிடம் யாரும் வருமானச் சான்று கேட்டதில்லை. 2022-இல் தொடங்கிய காலை உணவிலும் கேட்கவில்லை. காப்பீட்டுத் திட்டத்துக்குள்ளேயே இதற்கு வழி இருக்கிறது: கொரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு வருமான வரம்பு இல்லை, முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே, மேல்மருவத்தூரில், 2021 டிசம்பர் 18 அன்று 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை; தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய்வரை. அட்டை உண்டா, எந்த ஊர், என்ன சம்பளம் என்று எதுவும் கேட்பதில்லை. ஓஎம்ஆரைக் கடக்கும்போது அடிபட்ட பிள்ளைக்கு வருமானச் சான்று வேண்டாம். இருதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளைக்கு வேண்டும். இதற்கு நியாயமான ஒரு காரணத்தை யாராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை.

செலவு தாங்குமா என்ற கேள்வி எழும். ஒரு குடும்பம் முழுவதற்குமே 849 ரூபாய் பிரிமியம் என்ற கணக்கு இருக்கிறது; அதில் அதிகம் வாங்குவது முதியவர்களின் இருதயமும் சிறுநீரகமும் மூட்டும். குழந்தைகளை மட்டும் தனியாக எடுத்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் செலவு பெரிதாக வராது. புறநோயாளி சிகிச்சைக்குக் காப்பீடே தேவையில்லை என்பது என் எண்ணம். கேளம்பாக்கத்தில் ஒரு குழந்தைகள் நல டாக்டர், ஒரு பரிசோதனைக்கூடம், வீசிங் பிள்ளைகளுக்கு மாதாமாதம் இன்ஹேலர் ஆகியவற்றோடு சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை அரசுப் புறநோயாளிப் பிரிவு நடந்தால், இந்தச் சாலையில் வேலை முடிந்து வரும் தாய்மார்களுக்கு அது எந்த அட்டையையும்விடப் பெரியது.

இதற்கிடையில் இருக்கிற அட்டையை இழந்துவிடக் கூடாது. பிள்ளை பிறந்து பிறப்புச் சான்று வந்ததும் குடும்ப அட்டையில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு செய்கிற வேலை அல்ல அது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள், மாமனார் வீட்டு அட்டை நமக்கும் செல்லும் என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். குடும்ப அட்டை பிரிந்தால் காப்பீட்டையும் பிரித்து எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அட்டையை வாங்கிக்கொண்டு தனியாகவும் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள். எங்கள் உறவினர் ஒருவரிடம் ஓர் ஆஸ்பத்திரியில், "இது பேக்கேஜில் வராது" என்று பல்லாயிரம் கேட்டார்கள். எது வரும், எது வராது என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதும் பேச்சு மாறியது. அப்படிக் கேட்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்பதுதான் மனசை அறுக்கிறது.

2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தம் 2027 ஜனவரியில் முடிய வேண்டும். யார் ஆட்சியில் இருந்தாலும் அடுத்த ஒப்பந்தத்தை எழுதித்தான் ஆக வேண்டும். அதில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்று ஒரு தனிப் பிரிவு வரட்டும். அட்டை தகப்பன் பெயரில் இல்லாமல் பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும். இணைக்க வேண்டிய ஆவணங்கள் என்ற இடத்தில் பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறு எதையும் கேட்க வேண்டாம்.